பழைய டேப்பில் இருந்த முகங்கள்

14 பெப்ரவரி 2003

தம்புள்ளையிலிருந்து பழைய சாமான் வந்தது. சண்டை நின்று பாதை திறந்ததிலிருந்து வடக்கே இரும்பு ஏற்றப் போகிற லொறிகளில் உடைந்த கம்ப்யூட்டர்களும் சேர்ந்து வருகின்றன. புஹாரி மாமா மொத்தமாக வாங்கி, கழற்றி, விற்கிறார். அவர் உம்மாவின் தம்பி. இல்லாவிட்டால் ஒன்பதாம் வகுப்போடு நின்றவளை யார் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவிடுவார்கள்?

ஒரு பெட்டியில் டேப் டிரைவ் ஒன்றும் அதற்கான டேப்புகளும் இருந்தன. பாட்டுக் கேட்கிற டேப் இல்லை. கம்ப்யூட்டரில் இருப்பதைப் பிரதி எடுத்து வைக்கிறது. பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

"டிரைவ வாங்கக் கண்டியில ஆள் ஈக்கி. டேப்ப குப்பைல போடு புள்ள" என்றார் மாமா.

போடவில்லை. என் மேசைக்குக் கீழே தள்ளிவைத்தேன். என் மேசை பலகைத் தடுப்புக்குப் பின்னால். கடைக்கு வருகிறவர்களுக்கு என் கால்கூடத் தெரியாது. அதனால்தான் அந்த இடம் பிடிக்கும்.

17 பெப்ரவரி

முதல் டேப் அறுந்தது. என் அவசரம். உள்ளே டேப்பைச் சுற்றுகிற றப்பர் பட்டி வருஷக்கணக்கில் கிடந்து தொய்ந்திருக்கிறது. திறந்து பார்க்காமல் டிரைவில் போட்டேன். அது டேப்பை விழுங்கிவிட்டது.

இனி ஒன்றும் அறாது.

20 பெப்ரவரி

புது டேப் ஒன்றை உடைத்து அதன் பட்டியைக் கழற்றி, பழையதில் மாட்டினேன். உருளையில் உருகி ஒட்டியிருந்த றப்பரை ஸ்பிரிட்டால் துடைத்தேன். போட்டதும் டிரைவ் இரண்டு தடவை இருமியது. பிறகு ஒரே சீராக ஓடியது.

வாசிக்கிறது! நான் செய்தது.

21 பெப்ரவரி

எல்லாம் படங்கள். முகம், முகம், முகம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், பெயர் கிடையாது. ஒரு படத்தில் மட்டும் பின்னால் கலண்டர் தெரிகிறது. வவுனியாவில் ஏதோ ஹாட்வெயார் கடையின் கலண்டர்.

அந்தக் காலத்தில் அங்கே ஆமி தருகிற பாஸ் இல்லாமல் அசைய முடியாது, பாஸுக்குப் படம் வேணும், ஏதாவது ஸ்டூடியோவில் எடுத்ததாக இருக்கும் என்றார் மாமா. அந்த ஸ்டூடியோ இப்போது இருக்கிறதோ என்னவோ.

ஆட்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்காத நான் இன்று முழுக்க முகங்களையே பார்த்தேன். இவர்கள் திருப்பிப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம்.

22 பெப்ரவரி

வேலம்மாக்கா பிளேன்டீ கொண்டுவந்தவர் திரையைப் பார்த்து அப்படியே நின்றார். எங்கள் வரிசைக் கடைகளைக் கூட்டி, தேத்தண்ணி கொண்டுவந்து தருகிறவர். இத்தனை நாளில் என்னிடம் அவர் பேசியதும் குறைவு, நான் பேசியது அதைவிடக் குறைவு.

"வவுனியாவா பாப்பா? எம்மகளும் அங்கதான் போனா."

சந்திரகாந்தா. எல்கடுவ தோட்டத்து லயத்திலிருந்து புருஷனோடு போனவர். தொண்ணூற்றாறுக்குப் பிறகு கடிதமே இல்லை. புருஷன் வீட்டாரோடு சண்டைக்கு அந்தப் பக்கம், வன்னிக்குள் போய்விட்டதாக யாரோ சொன்னார்களாம். தேடித்தரச் சொல்லிப் போன இடமெல்லாம் படம் கேட்டார்கள். மகளின் படம் ஒன்றுகூட வேலம்மாக்காவிடம் இல்லை.

ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன்.

26 பெப்ரவரி

வாசித்த டேப்பெல்லாம் பார்த்து முடிந்தது. இல்லை. "பெரிய பொட்டு வைப்பா. பொட்டில்லாம வெளிய எறங்கமாட்டா" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தள்ளச் சொன்னார்.

கண்டிக்காரர் அடுத்த கிழமை டிரைவை எடுக்க வருகிறாராம். இன்னும் பாதி டேப் பாக்கி.

1 மார்ச்

இன்று ஒன்று கவனித்தேன். இந்தப் படங்களில் ஒரு பெண்ணுக்கும் பொட்டு இல்லை. ஒருவருக்குமே!

மாமாவிடம் கேட்டேன். அவருக்கு அது புதினமாக இல்லை. செக்பொயின்ட் இருந்த நாட்களில் பஸ் தம்புள்ளையை நெருங்கும்போதே தமிழ்ப் பெண்கள், தமிழர் என்று தெரியக்கூடாதென்று, சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைப்பார்களாம். கையில் வைத்துக் காட்டுகிற படத்தில் மட்டும் வைப்பார்களா?

அப்படியென்றால் வேலம்மாக்கா எதைத் தேடினார்? இல்லாத பொட்டைத் தேடி முகத்தைத் தவறவிட்டிருந்தால்? பெற்றவருக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? போகும். படம் சின்னது, அழுத கண், மெலிந்த பிள்ளை. நான் நம்புகிறேன்.

2 மார்ச்

பக்கத்து ஃபேன்ஸி கடையில் ஸ்டிக்கர் பொட்டு வாங்கினேன். அங்கே வேலை செய்கிற றமீஸா விடுவாளா? "யாருக்குடி? உம்மாக்குச் செல்லவா?" உம்மாவிடம் சொல்லிக்கொடுப்பாளாம். முகம் சுட்டது. காசை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கண்டிக்காரரும் இன்றைக்கே வந்து நின்றார். மாமா டிரைவின் வயரில் கை வைத்தார். நான் தடுப்புக்கு வெளியே வந்து, இன்னும் வாசித்து முடியவில்லை, தர முடியாது என்றேன். மாமா என்னைப் பார்த்த பார்வை! கண்டிக்காரரிடம், "அவதான் அதுக்குப் பொறுப்பு" என்றார். வந்தவர் முணுமுணுத்துக்கொண்டு போனார்.

3 மார்ச்

படங்களைத் திரை நிறையப் பெரிதாக்கினேன். வேலம்மாக்கா ஒவ்வொரு முகத்துக்கும் திரைக் கண்ணாடியில் பொட்டை ஒட்டிப் பார்த்தார். ஒட்டுவார், தலையை ஆட்டுவார், எடுப்பார். பசை போனால் புதியது.

மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றை ஒட்டினார். எடுக்கவில்லை.

"இந்தா இருக்கா" என்றார். "எளச்சிப்போயிட்டா."

முதல் தடவை நாங்கள் தள்ளிவிட்ட படங்களில் ஒன்று.

4 மார்ச்

நான் ஒரு மடத்தனம் செய்தேன். படத்தைத் திருத்தி, அழகாக இருக்கட்டும் என்று மவுஸால் சிவப்புப் பொட்டு வைத்து பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். வேலம்மாக்கா கையில் வாங்கவில்லை.

"வேணாம் பாப்பா. படத்துக்குப் பொட்டு வச்சா செத்தவங்கன்னு அர்த்தம். எம்புள்ள இருக்கா."

எங்கள் வீட்டில் படமே மாட்டுவதில்லை, எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் கேட்டிருக்கலாமே. கிழித்துப்போட்டுவிட்டு, எடுத்தது எடுத்தபடி பிரின்ட் எடுத்தேன். பொட்டில்லாமல். அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

கீழே பெயரும் கடை டெலிபோன் நம்பரும் அடித்துப் பிரதிகள் எடுத்தோம். கடதாசிக் கட்டை மாமாவே எடுத்துத் தந்தார்.

9 மார்ச்

வேலம்மாக்கா வவுனியா போய் வந்தார். பஸ் ஸ்டான்டில், கோயிலில், சந்தையில் ஒட்டியிருக்கிறார். தோட்டத்துப் பக்கத்திலிருந்து போய்க் குடியேறினவர்களின் வீடுகளுக்கும் போய்க் கொடுத்திருக்கிறார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

22 மார்ச்

மீதி டேப்புகளுக்குப் பட்டிகளைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். சைக்கிள் டியூபை வெட்டிப் பார்த்தேன், சரிவரவில்லை. வேறு வழி இருக்கும்.

5 ஏப்ரல்

பட்டிக்கு வேறு றப்பர் சரிவந்தது. எல்லா டேப்பும் முடிந்தது. அறுந்ததில் மிஞ்சியதைக்கூட எடுத்துவிட்டேன். வவுனியாவிலிருந்து மூன்று பேர் போன் பண்ணினார்கள். எங்கள் ஆளின் படமும் இருக்குமா என்று. வரச் சொன்னேன்.

11 ஏப்ரல்

மத்தியானம் போன் அடித்தது. மாமா ஜும்மாவுக்குப் பள்ளிவாசல் போயிருந்தார். நான் எடுத்தேன்.

ஒரு பெண்ணின் சத்தம், தூரத்தில் இருந்தது. கிளிநொச்சிக்கு அந்தப் பக்கம் யாரோ படத்தைக் கொண்டுவந்து காட்ட, நேற்றே புறப்பட்டு வந்து, வவுனியாவில் ஒரு கடையிலிருந்து பேசுவதாகச் சொன்னார். லயத்துக்கு எழுதிய கடிதம் ஆளில்லை என்று திரும்பி வந்ததாம். "இந்தப் படத்துல இருக்கிறது நாந்தாங்க. அம்மா அங்கயா இருக்காங்க?"

வைக்காதீங்க என்றேன். வைக்கவே வைக்காதீங்க.

றிசீவரை மேசையில் கிடத்திவிட்டுப் பாதைக்கு ஓடினேன். வேலம்மாக்கா அந்தக் கோடியில், கையில் தேத்தண்ணித் தட்டோடு. இடையில் பஸ், லொறி, வெள்ளிக்கிழமைச் சனம். கையைத் தூக்கிக்கொண்டு, தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பாதை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.