எண்பத்து நாலாம் பக்கத்துக் கந்தகார்

அன்பு மகள் தர்ஷனாவுக்கு,

உன் பாரசீக வரலாற்றுப் புத்தகத்தின் முதற்பிரதியை மாமா வாங்கமாட்டார். நேற்றுக் காலை கிரெய்கிபர்னிலிருந்து அவரே ரெலிபோனில் என்னிடம் சொன்னது இது. மாமி வழியாகவோ அம்மா வழியாகவோ வந்த கதை அல்ல. சுகம் விசாரிக்காமலே தொடங்கிவிட்டேன். நீ லெய்டனில் நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன், இருமல் விட்டதா என்று எழுது. டூங்கபியில் எங்களுக்கு உடம்பில் ஒரு குறையுமில்லை. மற்றதெல்லாம் உன் எண்பத்து நாலாம் பக்கத்தால் கெட்டுக் கிடக்கிறது.

புத்தகம் அச்சுக்குப் போக முன்னமே வெளியீட்டு விழா அழைப்பிதழ் அடிக்கிற ஆட்கள் நாங்கள். முதற்பிரதி பெறுபவர் திரு. கதிர்காமநாதன், முன்னாள் உதவி அரசாங்க அதிபர், கிளிநொச்சி என்று தடித்த எழுத்தில் போட்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அம்மா வாட்சப்பில் அனுப்பியாயிற்று. அதோடு நின்றாளா, அண்ணன் மேடையில் சும்மா நிற்கக் கூடாது, நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அச்சுப்படியையும் அவருக்கு அனுப்பிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமா புதுக் கோட்டு ஒன்று தைக்கக் கொடுத்துவிட்டு வாசிக்கத் தொடங்கியிருக்கிறார். கந்தகார் அதிகாரம் அவருக்கு நன்றாகப் பிடித்திருந்தது. பாரசீகத்துக்கும் மொகலாயருக்கும் நடுவே கை மாறிக்கொண்டிருந்த மாகாணம், தலைநகரிலிருந்து பிந்தி வரும் படைச் சம்பளம், கோட்டைக்குள் தானியம் சேர்த்தால் ஏன் சேர்த்தாய் என்று இஸ்பகான் அரண்மனையிலிருந்து வரும் கேள்வி, இதையெல்லாம் வாசித்துவிட்டு, இவள் எந்த அரசாங்கக் கச்சேரியிலை வேலை செய்தவள் என்று மாமியிடம் கேட்டுச் சிரித்தாராம். பிறகு எண்பத்து நாலு. 1638இல் பாரசீக அரசர் ஷா ஸஃபி அரசவைக்கு அழைத்தும் போகாமல், ஆளுநர் அலி மர்தான் கான் கோட்டையை ஷாஜகானிடம் ஒப்படைத்தான், துரோகி என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாய். மாமா அந்த இடத்தில் மூடி வைத்தவர்தான்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் எழுதும்போது உன் நினைவுக்கு வரவில்லை என்பதால் சொல்கிறேன். தொண்ணூறுகளில் மாமாவின் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது, லொறி போக அனுமதி ஊரை வைத்திருந்த இயக்கத்திடமிருந்து வந்தது. மண்ணெண்ணெய் கேட்டு எழுதினால் ஒரு பக்கம் சந்தேகம், பங்கீட்டு அறிக்கை அனுப்பினால் மறுபக்கம் சந்தேகம். ஒருநாள் விளக்கம் சொல்ல வரச்சொல்லி அழைப்பு வந்தது. யார் அழைத்தது என்பதை இன்றுவரை அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. அவருக்கு முன்னால் அழைக்கப்பட்டுப் போன அலுவலர் திரும்பி வரவில்லை என்பது மட்டும் தெரியும். மாமா போகவில்லை, நாட்டை விட்டு வந்தார். இந்த வருடமும் த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில், செருப்பு விடுகிற இடத்தில் வைத்து, ஒருவர் அவர் காதுபட அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்.

நேற்று நான் அவரோடு சண்டை பிடித்தேன். முந்நூற்றெண்பது வருடத்துக்கு முந்திய பாரசீகக்காரனுக்கு நீங்கள் ஏன் வக்காலத்து வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "மச்சான், கூப்பிட்டவங்கள் எண்டு எழுதியிருக்கிறாள். போயிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு எழுதேல்லை" என்றார். வைத்துவிட்டார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய கேள்வி. கந்தகாருக்கு ஆறு வருடத்துக்கு முன் இதே அரசர் பார்ஸ் ஆளுநரையும் பிள்ளைகளையும் கொல்லுவித்ததை நீயே இருபத்தோராம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். எண்பத்து நாலுக்கு வரும்போது அது எங்கே போயிற்று? துரோகி என்று சொன்னது யார்? அரசரிடம் சம்பளம் வாங்கிய வரலாற்றுக்காரர் என்றால் அப்படியே எழுது. அரச அறிக்கையை எடுத்துத் தன் சொந்தச் சொல்லாகப் போட்டவர்களை நான் பத்திரிகையில் இருந்த காலத்தில் செய்தி மேசையில் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த வரிசையில் நீ நிற்க வேண்டாம்.

தம்பி சுபாங்கனிடம் சொன்னால், "ஜஸ்ட் அந்த வேர்டை எடுத்துவிடச் சொல்லுங்கோ அப்பா" என்கிறான். அதுவும் எனக்குச் சரியில்லை. மாமாவுக்காக அந்த ஆளுநரை நல்லவராக்கவும் வேண்டாம். கோட்டையைக் கொடுத்தார், பிறகு மொகலாயரிடம் பெரிய பதவிகள் வாங்கினார், அதை அப்படியே விடு. போகாததற்கு என்ன காரணம் இருந்தது என்பதையும் அதே பக்கத்தில் போடு. இரண்டு வரி போதும். அம்மா நேற்றிலிருந்து குசினியில் பாத்திரங்களோடு பேசுகிறாள், அழைப்பிதழை மாற்றி அடிக்கமாட்டாளாம், வேறு யாரையும் மேடையில் ஏற்றமாட்டாளாம்.

மழையில் சைக்கிள் ஓடாதே, இரவில் பாணோடு முடித்துவிடாமல் சோறு சமைத்துச் சாப்பிடு. பிள்ளையார் உன்னோடு இருப்பார், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. மாமாவுக்கு நீயாக ஒருமுறை ரெலிபோன் எடு, சமாதானம் சொல்ல வேண்டாம், அந்தக் கேள்வியை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்.

சென்னை அச்சகம் வியாழன் மாலை ஐந்து மணிக்குப் பக்கங்களை மூடுகிறது. எண்பத்து நாலைத் திரும்பப் பார்த்த பிறகுதான் மாமா இங்கே சிட்னி விழாவுக்கு ரிக்கெற் போடுவதா இல்லையா என்று சொல்வாராம், வெள்ளிக்கிழமை தெரியும். தைத்து முடிந்த அந்தப் புதுக் கோட்டைத் தையற்காரரிடமிருந்து அவர் எடுத்துவந்து அலுமாரியில் தொங்கவிட்டிருக்கிறார் என்று மாமி சொல்கிறார். இதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.

அன்புடன்,
அப்பா மகாதேவன்
டூங்கபி