ராஜபாளையத்தில் நான் தொடாத காபி

ஜூன் 10, செவ்வாய்

தபால் நிலைய வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மதுரையிலிருந்து ஹம்ஸா போன் செய்தாள். தங்கை மகள். மூளையைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி செய்கிறாள். "பெரியம்மா, ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிப்பீங்க?" என்றாள். இரண்டு என்றேன். உள்ளேயிருந்து இவர், "அஞ்சு!" என்று கத்தினார். கடைக்குப் போகச் சொன்னால் இவருக்குக் காது கேட்காது. என்னைக் காட்டிக்கொடுக்க மட்டும் நன்றாகக் கேட்கும்.

ஐந்து குடிக்கிற ஆள்தான் அவளுக்கு வேண்டுமாம். நாம் ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போது காபி நம் மூளையை என்ன செய்கிறது என்று பார்க்கிறாளாம். சும்மா இருந்தாலும் மூளை சும்மா இருக்காதாம். அதற்குள் ஒரு மூலை இன்னொரு மூலையோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்குமாம்.

"ஒங்க பெரியம்மா மாதிரியா?" என்றார் இவர்.

அடுத்த செவ்வாய் வரச் சொன்னாள். சனிக்கிழமை ராத்திரியிலிருந்து காபி, டீ, சாக்லேட் எதுவும் கூடாது. தலைக்கு எண்ணெயும் கூடாது. சரி என்றுவிட்டேன். என் மூளை வேண்டுமென்று ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

ஜூன் 12, வியாழன்

மகன் வைகுந்த் கல்யாண விஷயம் ஒருவழியாகக் கூடி வருகிறது. ராஜபாளையத்தில் அவன் வேலை பார்க்கும் மில்லில் கணக்குப் பிரிவில் இருக்கிற பெண், கோதா. இரண்டு வருடமாக அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். பால்கோவா சொல்லி வைக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

சாயங்காலக் காபியோடு முடித்துக்கொண்டேன். டபராவைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. வைகுண்ட ஏகாதசிக்குப் பட்டினி கிடக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு காரியமா? அன்றைக்கும் காபி உண்டு என்பது வேறு விஷயம்.

ஜூன் 15, ஞாயிறு, காலை

தலை.

ஜூன் 15, ஞாயிறு, மாலை

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

நான், இவர், வைகுந்த், இவருடைய அக்கா. நான்கு பேரும் காரில் போனோம். காலையிலிருந்தே என் நெற்றிப்பொட்டில் யாரோ உலக்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஹம்ஸாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "காபி மூளைல உள்ள ரத்தக் குழாயச் சுருக்கும் பெரியம்மா. நிறுத்தினா விரியும். அதான் வலி. ஒண்ணும் பயமில்ல" என்றாள். அவளுக்கு ஏன் பயம்? தலை என்னுடையது.

நல்ல வீடு. மனிதர்கள் அதைவிட நல்லவர்கள். கோதா வந்து கும்பிட்டாள். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துப்போயிற்று. பின்னாலேயே அவள் அம்மா காபி கொண்டு வந்தார்கள். பித்தளை டபரா. நுரை. அந்த மணம்! கை தானாகப் போய்விடுமோ என்று பயந்து இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

"வேண்டாங்க."

"கொஞ்சோண்டு குடிங்க."

"இல்லங்க, வேண்டாம்." வலியில் முகத்தை வேறு சுளித்திருக்கிறேன்.

நாத்தனார் என் முகத்தைப் பார்த்தாள். வாய்வரைக்கும் போன டம்ளரை அப்படியே கீழே வைத்தாள். அவளைப் பார்த்து இவரும் வைத்தார். வைகுந்த் அதற்குள் ஒரு வாய் குடித்துவிட்டான். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் பாவம், கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தான்.

சம்பந்தம் பிடிக்காத வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள். நானே எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! அந்த வலியில் எனக்கு அது உறைக்கவே இல்லை. அவர்கள் பால்கோவா டப்பாவைத் திறக்காமல் ஓரமாக வைத்தார்கள். அதையும் மரியாதை என்றே நினைத்தேன்.

திரும்பி வரும்போது காரில், வன்னியம்பட்டி தாண்டியதும் வைகுந்த் மெதுவாகக் கேட்டான். "ஒனக்கு அவளப் பிடிக்கலயாம்மா?"

"யாருலே சொன்னா? தங்கமான புள்ள."

"பொறவு ஏன் காபியத் தொடல?"

பெருமாளே.

"அங்கேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றார் இவர். மூளையைச் சோதிக்கப் போகிறார்கள் என்று பெண் வீட்டில் முதல் நாளே எப்படிச் சொல்வது? "நான் பக்குவமாச் சொல்லுதேன்" என்று இவர் போனை எடுத்தார். அது அடுத்த தப்பு.

ஜூன் 16, திங்கள்

பாண்டிசெல்வி என் பக்கத்து கவுண்டர். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் வீடும் கோதா வீடும் ஒரே தெரு. இன்றைக்கு வந்ததும் வராததுமாக என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"யக்கா, ஒங்களுக்கு மூளைல கோளாறாமே? மதுரைல ஒயரு மாட்டிப் பாக்காகளாமே? அண்ணன் போன்ல சொன்னாகளாம்."

இவர் சொன்னது, "அவளுக்குத் தலையில ஒரு சோதனை இருக்கு, அதான் குடிக்கல" என்பது மட்டும்தானாம். மீதியைத் தெரு சேர்த்துக்கொண்டது. அந்தக் கோளாறு பிள்ளைகளுக்கும் வருமா என்று கோதாவின் அம்மா விசாரித்தார்களாம்.

இப்போது போனை எடுக்கமாட்டேன் என்கிறார்கள். வைகுந்த் சாப்பிடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை — திட்டினாலாவது பதில் சொல்லலாம். ஒரு டம்ளர். ஒரே ஒரு டம்ளர் காபி. குடிச்சிட்டு ஹம்ஸாகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கலாம்ல? அவ வேற ஆளப் பாத்திருப்பா. எம்புள்ளைக்கு வேற கோதா கிடைப்பாளா?

ஜூன் 17, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு மாத்திரை கொடுத்தாள் ஹம்ஸா. காபிச் சத்து உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. இன்றைக்கு ஒன்று, அடுத்த வாரம் ஒன்று. எது எதுவென்று அவளுக்கே தெரியாதாம். பிறகு தலையில் ஒயர் வைத்த தொப்பி, முடி இடுக்கெல்லாம் ஏதோ பசை. சுவரில் ஒரு கூட்டல் குறி. அதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் சாய்ந்திருக்க வேண்டும்.

"பெரியம்மா, சும்மா இருங்க. ஸ்க்ரீன்ல கோடெல்லாம் குதிக்கி."

"சும்மாதான இருக்கேன்!"

"வாய அசைக்கீங்க."

கோதாவின் அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் பஸ் ஏறினேன். எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது, கோபுரம் தெரிந்தது, நான் இறங்கவில்லை. என் கையில் ராஜபாளையம் டிக்கெட் இருந்தது. யாரையும் கேட்காமல் நானாக எடுத்தது.

கதவைத் திறந்த கோதாவின் அம்மா ஓரடி பின்னால் போனார்கள். பசை காய்ந்து என் முடி நாலா பக்கமும் நின்றுகொண்டிருந்தது போலிருக்கிறது. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "ஒரு டம்ளர் காபி குடுங்க" என்றேன்.

கொடுத்தார்கள். நின்றபடியே குடித்தேன். இன்னொன்று கேட்டேன். அதைக் குடிக்கும்போதுதான் உட்கார்ந்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பியோடு எடுத்த போட்டோவையும் காட்டினேன். அவர்கள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். உதடு துடித்தது. பிறகு சிரித்தார்களே ஒரு சிரிப்பு! கோதா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"இந்தக் காபியையா வேண்டாம்னீக?"

"அதுக்குத்தான் ரெண்டு நாளா அழுதேன்."

"ஒரு நாளைக்கு அஞ்சுதானா? நான் ஏழு குடிப்பேன்" என்றார்கள், கொஞ்சம் பெருமையாகவே. "என்னையும் அப்படி எடுப்பாகளா?" ஹம்ஸாவின் நம்பரைக் கொடுத்தேன்.

கோதா பால்கோவா டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஜூன் 18, புதன்

வைகுந்த் இரண்டு நாள் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டான்.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டாவது மாத்திரை. போட்ட கொஞ்ச நேரத்தில் கொட்டாவி, ஹம்ஸா இரண்டு முறை எழுப்பினாள். அப்படியானால் போன வாரம் போட்டதுதான் காபியா? இல்லை, போன வாரம் ஓடியது என் கவலையா? ஆராய்ச்சி முடிந்த பிறகுதான் சொல்வார்களாம். முடியட்டும்.

ஜூலை 6, ஞாயிறு

கோதா வீட்டார் தேதி குறிக்க வந்தார்கள். கொட்டை வறுத்து அரைத்து, முதல் டிகாக்‌ஷனில் நானே கலந்து, நானே கொண்டுபோய் வைத்தேன். கோதாவின் அம்மா தட்டைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்கள்.

"எனக்கு வேண்டாங்க."

நாத்தனார் முகம் வெளுத்தது. கோதாவின் அப்பா குடிக்கப்போன டம்ளரைக் கீழே வைத்தார். இவர் எழுந்தே நின்றுவிட்டார். வைகுந்த் என்னைப் பார்த்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹம்ஸாகிட்ட என்னைக்கு?" என்றேன்.

"நாளக் கழிச்சு. இவுககிட்ட சொன்னா விடமாட்டாகன்னு சொல்லல." நெற்றியை அமுக்கிக்கொண்டார்கள். "இம்புட்டு வலிக்கும்னு நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"சொன்னா ஒத்துக்கிட்டிருக்க மாட்டீகளே, சம்பந்தி."

அந்த வார்த்தையை இன்றுதான் முதலில் சொன்னேன். அவர்கள் தங்கள் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்கள். "ஆறிரும். நீங்களாவது குடிங்க."

கல்யாணம் ஆவணியில். அந்தக் காபியையும் நானே குடித்தேன், அவர்கள் கண்முன்னாலேயே, மெதுவாக.