பாராட் லாவுட்

14 மார்ச் 1979, புதன்
ஹுத்தான் மெலிந்தாங்

படகோட்டும் பாக் மானுக்குக் காய்ச்சல். நாளை விடியுமுன் அப்பாவே முதன்முறையாகப் படகை ஓட்டப் போகிறார். பாக் மான் தன் கடல் வரைபடத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். புதிய மணல் திட்டு அந்தப் படத்தில் இல்லை. அதைச் சுற்றிப் போகும் வழியை மட்டும் ஓரத்தில் மலாயில் எழுதியிருந்தார். அப்பாவுக்கு மலாய் நன்றாகப் பேச வரும், படிக்க வராது.

"என்னா போட்டிருக்குன்னு அப்படியே வாசி லா, போதும்," என்றார்.

"வேணாம்ப்பா. படத்தையும் வரைஞ்சு, எல்லாத்தையும் தமிழ்லயே எழுதித் தாரேன்."

"ரிமூவ் கிளாஸ்ல மலாய் படிக்கப் போனதுலேருந்து இவளுக்கு வாய் கூடிப்போச்சு," என்று அம்மா சிரித்தாள்.

மிதவையைத் தாண்டியதும் 'பாராட் லாவுட்' என்று இருந்தது. பாராட் என்றால் மேற்கு, லாவுட் என்றால் கடல். 'மேற்கே கடலைப் பார்த்து' என்று அழகாக எழுதிக் கொடுத்தேன்.

சற்றுமுன் பூகோளப் புத்தகத்தைப் புரட்டினேன். இரண்டு சொல்லும் சேர்ந்தால் வடமேற்காம். நேர் மேற்கே போனால் திட்டில்தான் மோத வேண்டும். நான் வாசித்து மட்டும் காட்டியிருந்தால் அப்பாவுக்கே புரிந்திருக்கும்.

அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துத் திருத்தி வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. ஆனால் அப்பா படுத்த பிறகும், "மிதவையத் தாண்டுனா மேற்கே கடலப் பாத்து, மேற்கே கடலப் பாத்து," என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். இருட்டில் அவர் தாளைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை.

குறட்டை கேட்கிறது. எழுப்பத்தான் வேண்டும்.