என் சிஸ்டத்துக்கு மட்டும் கடல் தெரியவில்லை

3 அக்டோபர் 2025, வெள்ளி

ஆயுத பூஜை லீவு முடிந்து இன்று ஆபீஸ் திறந்தோம். நான்கு கணினிக்கும் சந்தனம், குங்குமம். என்னுடையதில் மட்டும் புதிதாக வேலைக்கு வந்த அந்த வசந்தகுமார் பொட்டைக் கோணலாக வைத்திருக்கிறான். வேண்டுமென்றே.

வந்ததும் வராததுமாகத் தலைவலி. மீன் ஏற்றிப் போகிற லாரிகளுக்குப் போடும் சீட்டெல்லாம் இருப்பது முதலாளி அறையிலுள்ள பெரிய கணினியில். அதற்குக் ‘கடல்’ என்று பேர். மற்ற கணினிகளில் அந்தப் பேரை அடித்தால் திறக்கிறது. என்னுடையதில் மட்டும் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. வாசலில் கேரளா லாரி நிற்கிறது, மீனுக்குப் போட்ட ஐஸ் உருகுகிறது. கட்டுமாவடியில் பதினோரு வருடமாகச் சீட்டுப் போடுகிறவள் நான். இன்று போட்டது வசந்தகுமார்.

4 அக்டோபர்

ஒயரைக் கழற்றி மாட்டினேன். மூன்று தடவை அணைத்துப் போட்டேன். ம்ஹூம்.

வசந்தகுமார் வந்து நின்றான். "அக்கா, பேரைச் சொன்னா சிஸ்டம் அதோட நம்பரைத் தேடிப் போகும். ஒங்களோடது ஏதோ பழைய நம்பருக்குப் போவுது. செத்த எந்திரிங்க, ஒரே ஒரு பைலைத் தொறந்து பாத்துர்றேன்."

"என் நாற்காலில நீ உக்கார வேணாம். அங்கிட்டுப் போயி ஒன் வேலையப் பாரு."

வந்து எட்டு மாதம் ஆகவில்லை, எனக்குப் பாடம் எடுக்கிறான். பூஜைக்காகத் துடைக்கிறேன் என்று எல்லாக் கணினியிலும் கை வைத்தவன் அவன்தானே? அப்போது என்ன செய்தான்?

6 அக்டோபர்

முதலாளி அடைக்கலம் எல்லார் முன்னாலும் கேட்டார்: "சொர்ணவல்லி, இனிமே சீட்ட வசந்தே போடட்டுமா?"

சீட்டு வேலை போனால் எனக்கு இங்கே என்ன வேலை? இன்னும் ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போ என்பார்கள்.

7 அக்டோபர்

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "பூஜையன்னைக்கு அவன்தான் சார் என் சிஸ்டத்துல ஏதோ பண்ணிட்டான். என் எடத்தப் புடிக்கப் பாக்குறான்."

"தொடைக்கத்தான் சார் செஞ்சேன்" என்றான். கண் கலங்கியிருந்தது. நடிப்பு.

8 அக்டோபர்

அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நன்றாக வேண்டும்.

10 அக்டோபர்

கணினி பழுது பார்க்கிற பீட்டர் அறந்தாங்கியிலிருந்து வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தட்டினார்.

"பூஜைக்கு எல்லாத்தையும் அணைச்சிருக்கீங்க. திரும்பப் போட்டப்ப கடலுக்குப் புது நம்பர் கெடைச்சிருக்கு. மத்த சிஸ்டமெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிருச்சு. இதுல மட்டும் பழைய நம்பர யாரோ கையால எழுதி வச்சிருக்காங்க."

ஒரு பைலைத் திறந்து காட்டினார். கடலின் பேர், பழைய எண், பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில்: ‘சொர்ணம் 2022 யாரும் தொடாதீங்க.’

அந்த வருடமும் ஒருநாள் கடல் திறக்கவில்லை. யாரோ போனில் சொல்லச் சொல்ல நானே எழுதிய வரி. அன்று எனக்கு எவ்வளவு பெருமை! அடியோடு மறந்திருக்கிறேன்.

"யாருங்க இந்தச் சொர்ணம்?" என்றார் பீட்டர்.

"முன்னாடி இருந்தவங்க" என்றேன்.

அவர் வரியை அழித்தார். கடல் திறந்தது. பீட்டர் போன பிறகு வந்த முதலாளி, கடல் திறந்திருப்பதைக் கண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

11 அக்டோபர்

அன்று வசந்தகுமார் பார்க்கக் கேட்டது அந்தப் பைலைத்தான். பாவி. நான்தான் பாவி. எந்திரிச்சிருந்தா என்னடி கொறைஞ்சு போயிருப்ப?

24 அக்டோபர்

திருச்சியில் ஒரு கம்பெனி வசந்தகுமாரை வேலைக்கு எடுக்கப் பார்க்கிறதாம். இங்கிருந்து ஏன் நின்றார் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

"சிஸ்டத்தக் கெடுத்தான்னு உள்ளத அடிச்சுக் கொண்டா. கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றார் முதலாளி.

அடித்தேன். கோளாறுக்குக் காரணமான வரியை எழுதியது சொர்ணவல்லி, வசந்தகுமார் அல்ல. சரிசெய்ய வந்தவரைத் தடுத்ததும் அவர் மேல் பழி போட்டதும் சொர்ணவல்லியே. அச்செடுத்து, முதலாளி சாப்பிடப் போயிருந்தபோது அவர் மேசையில் வைத்தேன்.

வரும்போது இழுப்பறையிலிருந்த என் டம்ளரையும் கண்ணாடிக் கூட்டையும் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன்.