மூன்றாந் தண்ணீருக்குப் பிறகு

நேற்றுக் காலை ஒரு பையனின் தலையிலிருந்து அந்த வாசனை வந்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர் ஊற்றிய தலை. குழந்தைகள் காப்பக வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள் கையை விட்டுவிட்டேன். "மூணாந் தண்ணி ஊத்தியாச்சு மிஸ், ஆத்தா எறங்கிட்டா" என்றாள் அவனுடைய அம்மா. எனக்கு உன்மேல் கோபம் வந்தது. போய்ச் சேர்ந்தவள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். வருகிறதே, நான் என்ன செய்ய?

பையனின் முடியை விலக்கிப் பார்த்தேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒன்று மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. "இது காஞ்சு பொருக்குத் தட்டட்டும்மா, ரெண்டு நாள் கழிச்சிக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். "அழுற அம்மாவப் பாக்காத, புள்ள கழுத்தப் பாரு" என்று நீ சொல்வாயே, அதைத்தான் செய்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பாய்களெல்லாம் மாடியில் காய்கின்றன. உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, எதற்கு மன்னிப்புக் கேட்பது என்றே எனக்குப் புரியவில்லை. நான்கு வருஷமாகப் புரிந்தமாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் குழம்பிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீயே பார்த்துக்கொள்.

மூலக்குளத்தில் இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்து நாம் இரண்டு பேரும் காப்பகம் தொடங்கியபோது வாசலை நீ எடுத்துக்கொண்டாய், அடுப்பை நான் எடுத்துக்கொண்டேன். வேலை அப்படித்தான் தானாகப் பிரிந்தது. உன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர், அந்த மிடுக்கு உனக்கு அப்படியே வந்திருந்தது. வருகிற பிள்ளை ஒவ்வொன்றும் கையைக் காட்ட வேண்டும், காலைக் காட்ட வேண்டும், வாயைத் திறக்க வேண்டும். அப்புறம்தான் நீ பிரெஞ்சு வணக்கமாக "பொன்ழூர்" சொல்வாய். பொன்ழூர் கிடைக்காத பிள்ளை வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பதினெட்டுப் பிள்ளைக்கும் பதினெட்டுத் துண்டு, மூலையில் மாம்பழம், மீன், குடை என்று நீயே தைத்த அடையாளம். மீன் துண்டால் மாம்பழத்துக்காரன் முகம் துடைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குத்தான் திட்டு. "ஏண்டி, ஒரு துண்டுல இன்னா வந்துடும்?" என்பேன். "வர்றது சொல்லிக்கினா வரும்?" என்பாய்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பாய். யாருக்கு இருமல், யாருக்கு வயிற்றுப்போக்கு, யாரை விட்டோம், யாரைத் திருப்பினோம் என்று. வாசல் நோட்டு என்று பேர். நான் அதைத் தொட்டதே இல்லை. படிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நம் காப்பகத்துப் பிள்ளை காவ்யாவுக்கு அம்மை போட்டது. அவள் அம்மா செல்வி நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் என்று முறைப்படி தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, எட்டாம் நாள் காலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இன்னிக்கும் வரலன்னா வேற ஆள வெச்சிக்கிறேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு மிஸ்." நீ காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினாய். தண்ணீர் கோத்த கொப்புளம் இரண்டு. "காயட்டும் செல்வி. இன்னும் ரெண்டு நாள்" என்றாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்து வந்தேன். எங்கள் வீட்டில் மூன்றாந் தண்ணீர் ஊற்றிவிட்டால் முடிந்தது. அதற்குமேல் அந்தப் பிள்ளையை ஒதுக்கிவைத்தால் ஆத்தாவையே வாசலில் நிறுத்தியதுபோல. அப்படித்தான் வளர்ந்தேன். "உனக்கு மாரியாத்தாளத் தெரியாது, அதான் இப்படிப் பேசுற" என்றேன். நீ கோபப்படவே இல்லை. "எங்க வூட்லயும் வேப்பிலதான்டி கட்டுவாங்க. ஆத்தா எறங்கிட்டான்னா சந்தோசம். கொப்புளத்துல தண்ணி இருக்கே, அதுக்கு இன்னா சொல்ற?"

பதில் இல்லாதபோதுதான் என் வாய் கெட்டுப்போகும், உனக்குத் தெரியாததா. "புள்ள பெத்திருந்தா உனக்குத் தெரியும்" என்றேன்.

உனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், மூன்று தடவை கலைந்தது, அதற்குப் பிறகு உன் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். அன்று உன் மாமாவின் நினைவு நாளுக்காக மாதா கோயிலில் பூசை கொடுத்திருந்தாய். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

நீ தெருமுனை திரும்பியதும் எதிர் டீக்கடையோரம் நின்றிருந்த செல்வியைக் கூப்பிட்டேன். வாசல் வழியாக வரவிடவில்லை. வாசல் உன்னுடையது அல்லவா, பின்பக்கச் சமையலறைக் கதவைத் திறந்துவிட்டேன். பிள்ளையை என்னோடு அடுப்பங்கரையிலேயே வைத்துக்கொள்வது என்பது என் திட்டம். நான் மகா புத்திசாலி பாரு! அரை மணி நேரம் இருந்தாள். பருப்புத் தாளித்துவிட்டுத் திரும்பினால் கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்து மற்றவர்களோடு பொம்மை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். மத்தியானம் எல்லோரோடும் ஒரே காற்றாடிக்குக் கீழே தூங்கினாள். மூன்று மணிக்கு செல்வியின் தங்கை வந்து அழைத்துப்போனாள். நீ நான்கு மணிக்கு வந்தாய்.

வந்ததும் வராததுமாக, "வேப்பில வாசன வருதே?" என்றாய்.

"கொசுவுக்குப் பொகை போட்டேன்."

நீ புடவையைச் செருகிக்கொண்டு, வாளித் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து, பாய், பொம்மை, கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் துடைத்தாய். அது சனிக்கிழமை செய்கிற வேலை. அன்று செவ்வாய்க்கிழமை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஆறாம் நாள் மூன்று பிள்ளைகளுக்குப் போட்டது. பதினாறாம் நாள் ரித்திக்குக்கு. பதினோரு மாதக் குழந்தை, சளி நெஞ்சில் இறங்கி மூச்சுக்குத் திணறிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் அம்மா ஜெயந்தி காலாப்பட்டில் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை, அமைதியான பெண். அப்புறம் பெற்றோர்கள் எல்லாம் இங்கே கூடியபோது அவள்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினாள். "வாசல்ல உக்காந்துக்கினு இன்னாத்தப் பாத்தீங்க?"

நீ எழுந்தாய். "வாசல்ல நான்தான் இருந்தேன். நான்தான் பாத்து உள்ள விட்டேன். தப்பு என்னுது."

நான் தண்ணீர் ஃபில்டர் பக்கத்தில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஏழு பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதம் மூடிக் கிடந்தோம். திறந்த அன்று நீ என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "இனிமே வாசல் உன்னுது. நான் சமையலப் பாத்துக்கறேன்."

தண்டனையா அது? நம்பிக்கையா? அப்போது தண்டனை என்றுதான் எடுத்துக்கொண்டேன். எனக்காகப் பொய் சொல்லிப் பழியை ஏற்றுக்கொண்டாய், அதற்கு விலையாக என்னை அங்கே உட்காரவைத்தாய் என்று நினைத்தேன். மூன்று வருஷம் ஒரே வீட்டில், ஒரே குழம்பை ருசி பார்த்துக்கொண்டு, அதைப்பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. போன வருஷம் தவக்காலத்தில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தாய், அவ்வளவுதான். சவப்பெட்டியில் நீ படுத்திருந்தபோது குனிந்து உன் காதில் சொன்னேன், பின்கதவைத் திறந்தது நான்தான் என்று. சுற்றி நின்றவர்கள் முத்தம் கொடுக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். கதவைப் பற்றிச் சொன்னேனே தவிர, அடுப்பங்கரையில் சொன்ன அந்த மற்ற வார்த்தையைப் பற்றி அப்போதும் நாக்கு எழவில்லை.

இனிமேல்தான் குழப்பம். போன வாரம் சுகாதார நர்ஸ் ஒருத்தி வந்து காப்பகம் நடத்துகிறவர்களுக்கெல்லாம் பேசினாள். "அம்மைப் பருவு தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஒட்டிக்கும்மா. ஒட்டினது வெளிய தெரிய பத்து நாளாவது ஆவும், பெரும்பாலும் ரெண்டு வாரம்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். நேற்று அந்தப் பையனைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ஆறாம் நாளா? நான் கதவைத் திறந்து ஆறே நாளில் எப்படி மூன்று பேருக்குப் போடும்?

பரணிலிருந்து உன் வாசல் நோட்டை எடுத்தேன். காவ்யாவுக்குப் பருவு தெரிந்ததற்கு முந்தின நாள் பக்கத்தில் உன் கையெழுத்து: "காவ்யா, மூக்கு லேசா ஒழுகுது. கண்ணு சோர்வு. விட்டேன்." அந்த விட்டேனைச் சுற்றிப் பிறகு எப்போதோ வேறு மையில் ஒரு வட்டம். விரல்விட்டு எண்ணினேன். அந்த நாளிலிருந்து பதினான்காம் நாள் மூன்று பிள்ளைகளுக்கும் போட்டிருக்கிறது. கணக்கு அப்படியே உட்காருகிறது. பருவே இல்லாத பிள்ளையிடம் நீ எதைக் கண்டுபிடித்திருக்க முடியும்? ஆனால் உள்ளே விட்டது நீதான். அப்படியானால் அன்று எல்லோர் முன்னாலும் நீ சொன்னது பொய்யே இல்லை. நான் நான்கு வருஷமாக எந்தப் பொய்க்காக உன்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்?

கொஞ்சம் நிம்மதிகூட வந்தது, மறைக்க மாட்டேன். பக்கத்தைத் திருப்பினேன். அந்தச் செவ்வாய்க்கிழமை. "காவ்யா, திருப்பி அனுப்பினேன்." அதற்குக் கீழே பென்சிலில் ஒரே சொல்: "வேப்பிலை."

நான் நினைத்தது சரிதான், தெரிந்திருக்கிறது உனக்கு. கொசுப் புகையை நீ நம்பவே இல்லை.

அப்படியானால் ரித்திக்? பதினாறாம் நாள் அவனுக்குப் போட்டது. நான் உள்ளே விட்ட காவ்யாவிடமிருந்து வந்திருக்கலாம். அந்த மூன்று பிள்ளைகளிடமிருந்தும் வந்திருக்கலாம். எண்ணிப் பார்த்தால் இரண்டுக்கும் நாள் சரியாக வருகிறது. மறுபடி எண்ணினேன், அப்போதும் வருகிறது.

நேற்று மாலை ஜெயந்தி தன் சின்னப் பெண்ணை அழைத்துப்போக வந்தாள். அதே ஜெயந்திதான். அவ்வளவு திட்டியவள் இரண்டாவது குழந்தையையும் இங்கேயே கொண்டுவந்து சேர்த்தாள், அது எனக்கு எப்போதும் ஆச்சரியம். ரித்திக்கும் கூட வந்திருந்தான். எல்கேஜி படிக்கிறான், நெற்றியில் இரண்டு தழும்பு. இனி தாங்காது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பின்கதவு, அடுப்பங்கரை, காற்றாடி, எல்லாம்.

கத்துவாள் என்று நின்றேன். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, செல்வி எங்க தெருதான். மூணாந் தண்ணி ஊத்தின அன்னிக்கு அவுங்க வூட்ல கூழ் ஊத்தினாங்க. வேணான்னா ஆத்தா குத்தமாயிடும்னு இவன இடுப்புல வெச்சிக்கினு போயி வாங்கியாந்தேன். காவ்யா இவன மடியில வெச்சிக்கினு கொஞ்சினா. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சிக்கா. வூட்டுல சொல்லப் பயம். அதான் அவங்களப் போட்டு அப்படிக் கத்தினேன்."

"அவகிட்ட எப்பவாவது சொன்னியா?"

"சொன்னேன். ரெண்டு மாசம் கழிச்சி வந்து அழுதேன். தலையத் தடவிக் குடுத்து, 'எங்கிட்ட சொல்லிட்ட இல்ல, வுடு. வேற யாருக்கும் சொல்லாத, உன் மாமியா காதுக்குப் போனா உன்னச் சும்மா வுட மாட்டாங்க'ன்னாங்க."

அடிப்பாவி!

எல்லாம் உனக்குத் தெரியும். உன்னுடையது தெரியும், என்னுடையது தெரியும், ஜெயந்தியுடையதும் தெரியும். அவள் வந்து சொன்னாள், இரண்டு மாதத்தில் பாரத்தை இறக்கி வைத்துவிட்டாள். நான் உன்னோடு தினமும் உட்கார்ந்து சாப்பிட்டேன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஜெயந்திக்குக் கொடுத்த வாக்குக்காகவா? நானே வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாயா? இல்லை, அன்று அடுப்பங்கரையில் நான் சொன்னதற்காகத்தானா? ஒரு நிமிஷம் இது, மறு நிமிஷம் அது என்று தோன்றுகிறது. உன்னைத் தவிர யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. உன்னையும் கேட்க முடியாது.

அந்தக் குழந்தைக்கு யார் வழியாகப் போனது என்று இனி எந்த நர்ஸாலும் சொல்ல முடியாது. உன் வழியாக, என் வழியாக, ஒரு சொம்புக் கூழ் வழியாக, எப்படி எண்ணினாலும் நாள் சரியாகத்தான் வரும். அதற்கு நான் மன்னிப்புக் கேட்டால் அது பொய்யாகவும் இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம். நாளைக் காலை வாசலில் உட்காருவேன், கையைப் பார்ப்பேன், கழுத்தைப் பார்ப்பேன், சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்புவேன். சந்தேகமே வராத பிள்ளையை உள்ளே விடும்போதும் பயந்துகொண்டேதான் விடுவேன். அந்தப் பயம் உன்னுடையது, இப்போது என்னிடம் இருக்கிறது.

ஆனால் பிள்ளை பெற்றிருந்தால் தெரியும் என்று உன்னைப் பார்த்துச் சொன்னவள் நான்தான். அதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை, எண்ணிப் பார்க்க நாளும் இல்லை. மன்னித்துவிடுடி.