ஸ்டெல்லாக்கா சொல்லாத ஸ்கோர்

மைதானமே அதிரச் சத்தம் போடும் என் ஸ்டெல்லாக்காவுக்கு,

உன் குட்டு உடைந்துவிட்டது. அங்கே யாரோடு உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தாலும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு. கிருஷ்ணகிரியில், அத்தனை பேர் முன்னால், உன் பெண்ணே போட்டு உடைத்துவிட்டாள். பயப்படாதே, உன் வீட்டுக்காரர் ஆரோக்கியண்ணன் கோபப்படவில்லை.

உன் ஜெனியும் என் ரிஸ்வானாவும் பள்ளிக் கபடி அணியில் சேர்ந்ததிலிருந்து மேட்சுக்கெல்லாம் நீயும் நானும்தானே போனோம்? ஆரோக்கியண்ணனுக்கு எந்நேரமும் கம்பெனியில் ஷிஃப்ட். டீ இடைவேளையில் போன் செய்து, "என்னாச்சு, ஜெயிச்சாங்களா?" என்று கேட்பார். நீ கொஞ்சமும் யோசிக்காமல் "சூப்பர்!" என்பாய். அந்த நேரத்தில் நம் பிள்ளைகள் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, தோற்ற முகத்தோடு போண்டா தின்றுகொண்டிருப்பார்கள். "கோப்பை எங்க?" என்று ஒருநாள் அவர் கேட்டதற்கு, "ஸ்கூல்லயே வெச்சுக்கிட்டாங்க" என்றாயே, பக்கத்தில் நின்ற நான் சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன்.

ஏன்க்கா அப்படிச் சொன்னாய்? மிஷின் முன்னால் நிற்கும் மனுஷன் சந்தோஷமாக நிற்கட்டும் என்றா? வீட்டுக்கு வந்ததும் ஜெனியை யாரும் குடைந்து கேட்கக் கூடாது என்றா? கேட்டுவைக்காமல் விட்டுவிட்டேன்.

நீ போன பிறகு அண்ணன் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு மேட்சுக்கு வர ஆரம்பித்தார். வந்த முதல் மேட்சில் தோல்வி. அடுத்ததிலும் தோல்வி. நமக்கு அது புதிதில்லை. அவருக்கோ இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அம்மா இருந்தவரை ஜெயித்துக்கொண்டே இருந்த பெண், அப்பா கைக்கு வந்ததும் தோற்கிறாள் என்று நினைத்துவிட்டார். தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று அவருக்குள் ஒரு பயம்.

அந்தப் பயம் கத்தலாக வெளியே வந்தது. கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "இடது பக்கம் போ! கால நீட்டு! சாப்பிட்டதெல்லாம் எங்க போச்சு?" என்று தொண்டை கிழியக் கத்துவார். செல்போனில் வீடியோ வேறு. அதை ராத்திரிச் சாப்பாட்டின்போது தட்டுக்கு எதிரே வைத்து, பிழை பிழையாகக் காட்டுவார். கடைசியில், "உங்கம்மா இருக்கறப்ப ஒரு மேட்ச்சாவது தோத்தியா?" என்று முடிப்பார்.

போன மாதம் ஜெனி என் அடுப்படியில் வந்து நின்றாள். "சின்னம்மா, நான் கபடிய விட்டுடட்டா?"

"உங்கப்பாகிட்ட உண்மையச் சொல்லிடு கண்ணு. இல்லன்னா நான் சொல்றேன்."

"வேணாம் சின்னம்மா. அம்மா சொன்னது பொய்யின்னு சொல்லச் சொல்றீங்களா? அவங்க இல்லாதப்பவா?" என்று கேட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் கிருஷ்ணகிரியில் இந்த மேட்ச். எதிர் அணி வேப்பனப்பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் வந்த வேன் வழியிலேயே நின்றுவிட்டது. அவர்களுடைய பெற்றோரில் பாதிப் பேர் பைக்கிலும் பஸ்ஸிலும் முன்னாடியே வந்துவிட்டார்கள். மைதானத்தில் எல்லோரும் சும்மா உட்கார்ந்து வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தோம். நம் பி.டி. டீச்சர் மஞ்சுளா மிஸ் விசிலை ஊதி எழுந்தார். உனக்குத்தான் தெரியுமே, அவருடைய தமிழில் பாதி கன்னடம். "ஸாக்கு, ஸாக்கு! உக்காந்தது போதும். அப்பா அம்மாவெல்லாம் உள்ள வாங்க. நீங்க ஆடுங்க, பிள்ளைங்க பாக்கட்டும்!" என்றார்.

முதலில் எல்லோரும் நெளிந்தோம். அப்புறம் வேப்பனப்பள்ளி அம்மா ஒருவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோட்டுக்குள் நின்றார். மாங்காய்க் கூடை தூக்கிப் பழகிய கைகள். அதைப் பார்த்ததும் எனக்கும் ரோஷம் வந்தது. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். அண்ணன் பேன்ட்டை மடித்துவிட்டு ரெய்டுக்குத் தயாரானார்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "அம்மா, தூங்குறியா? ஆள புடி!" என்று என் மகள் என்னைப் பார்த்து அலறினாள். இத்தனை வருடம் நான் கத்தியதற்கெல்லாம் சேர்த்து வட்டியோடு வந்தது.

அண்ணன் "கபடி, கபடி" என்று வீராப்பாகத்தான் போனார். நாலடி போவதற்குள் மூச்சு வாங்கியது. வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், எதற்கோ தலையை ஆட்டினார். அந்த அம்மா குனிந்து அவர் காலைக் கவ்வினார் பார், மனுஷன் நெடுஞ்சாண்கிடையாக மண்ணில்!

ஜெனி ஓடி வந்தாள். "ஏம்ப்பா, இடது பக்கம் காலியா இருந்துச்சே, கண்ணு தெரியலியா? சாப்பிட்டதெல்லாம் எங்க போச்சு?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அண்ணன் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்தார். "உள்ள எறங்குனா ஒண்ணுமே தெரியல பாப்பா. சுத்தியும் கத்தறதுதான் காதுல விழுது."

"எனக்கும் அப்பிடித்தாம்ப்பா."

அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டே, "அப்புறம் உங்கம்மா கத்தறப்ப மட்டும் எப்பிடி ஜெயிச்ச?" என்றார்.

ஜெனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"அம்மா கத்தறப்பவும் தோத்தோம்ப்பா. நெறைய தோத்தோம்."

"சூப்பர்னு சொல்வாளே?"

"ஆமாம்ப்பா. சூப்பராத்தான் தோப்போம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "அப்போ ஸ்கூல்ல இருக்கற கோப்பை?"

"அத நானும் பாத்ததில்லீங்கண்ணா" என்றேன்.

முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. அழுகிறாரோ என்று எனக்குப் பகீரென்றது. சிரிப்புக்கா! மண்ணிலேயே சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர வர, "எத்தன வருசமா என்ன ஏமாத்தியிருக்கா பாரு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீ போனதிலிருந்து அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஜெனியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் இருவரும் அழுதார்கள்தான். உன்னிடம் மறைப்பானேன்?

வேன் வந்தது, மேட்ச் நடந்தது, தோற்றோம். அந்தப் பிள்ளைகள் காற்று மாதிரி ஆடினார்கள். அண்ணன் செல்போனை என் பைக்குள் போட்டுவிட்டார். இரண்டு மூன்று முறை வாயைத் திறந்தார். திறந்த வாயில் வேர்க்கடலையைப் போட்டு மூடிக்கொண்டார். ஜெனி ஒரு ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பியபோது மட்டும் துள்ளி எழுந்து கை தட்டினார். எதிர் அணிப் பெண் நம் ரிஸ்வானாவை ஏய்த்துவிட்டு ஓடியபோதும் தட்டினாரே! என் மகள் முறைத்தாள்.

மேட்ச் முடிந்ததும் நேரே அந்தப் பெண்ணிடம் போனார். "அந்தத் திருப்பத்த எங்க பாப்பாவுக்கும் கொஞ்சம் காட்டிக் குடும்மா." அவள் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணனைக் கவிழ்த்த அதே அம்மாதான்! அவர் சரி என்றதும், ஜெயித்தவளும் தோற்றவளும் வெறும் மைதானத்தில் மறுபடி இறங்கினார்கள். ஜெனி நாலு தடவை விழுந்து ஐந்தாம் தடவை திரும்பிவிட்டாள். கபடியை விடுவதைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. விட்டாலும் பரவாயில்லை என்று அண்ணனே சொல்லிவிட்டார்.

அக்கா, உன்னிடம் ஒன்று சொல்லிவைக்கிறேன். இனி எல்லா மேட்சிலும் அண்ணன் பக்கத்தில்தான் உட்காருவேன். பழையபடி ஆரம்பித்தால் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பேன். ஜெனி ஜெயித்து வந்தாலும் தோற்று வந்தாலும், ஏன் ஆடாமலே வந்தாலும், அவள் வயிறு நிறைந்த பிறகுதான் எந்தக் கேள்வியும். அதுவும் அவளாகப் பேச ஆரம்பித்தால்தான்.

உனக்குத் தங்கை,
உன் ஜெனிக்குச் சின்னம்மா,
ஷமீம்