வலிப் பாடம், இரண்டு குழு

ஜூலை 7, திங்கள்
காலையிலேயே புழுக்கம். சித்தூரிலிருந்து திருப்பதி வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். மூன்றாம் ஆண்டு நர்சிங் பெண்களை இரண்டாகப் பிரித்தாகிவிட்டது. புற்றுநோய் வலிப் பாடம். ஒரு குழுவுக்கு வகுப்பில் நான். மற்றதற்கு போனில் வீடியோ. எது மேல் என்று பார்க்க வேண்டுமாம். பிரின்சிபால் முடிவே செய்துவிட்டார்: "வீடியோ லீவு கேக்காதும்மா."
ஜெயித்துக் காட்டணும்.

ஜூலை 11, வெள்ளி
தேர்வு. இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே மார்க். பிரின்சிபாலுக்குச் சந்தோஷம். எனக்கு வயிற்றெரிச்சல்.
வாங்க: குடை, தலைவலித் தைலம்.

ஜூலை 14, திங்கள்
சனிக்கிழமை முதல் பெண்களுக்கு வார்டு டியூட்டி. முனிரத்தினம், கங்காதர நெல்லூர்க்காரர், வாயில் புற்று. பார்த்துக்கொள்வது என் குழு கவிதா. வலித்தால் மார்ஃபின் மாத்திரை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
"மூணு நாளா பல்லக் கடிச்சிக்கினு கீறாரும்மா. ஒண்ணும் துன்றதில்ல. கேட்டா, தாங்கிக்கோங்கன்னு சொல்லுது அந்தப் பொண்ணு."
பக்கத்துக் கட்டில், வீடியோ குழு ஷைலஜாவுடையது. அவளுடைய நோயாளி சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.
கவிதாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். ஏன் கொடுக்கவில்லை?
"நீங்கதானே மேடம் சொன்னீங்க? பழக்கமாயிடும், முடிஞ்ச வரைக்கும் தள்ளிப்போடுன்னு."
திட்டத்தான் கூப்பிட்டேன். மாத்திரையை நானே கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் தூங்கிவிட்டார்.

ஜூலை 15, செவ்வாய்
என் பாட நோட்டைப் புரட்டினேன். இருக்கிறது அந்த வரி. அடிக்கோடு வேறு. நான் படித்தபோது எனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்திருக்கிறேன்.
ஷைலஜாவின் போனில் வீடியோ பார்த்தேன். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்ற பயம் வேண்டாம் என்று இரண்டே நிமிடத்தில் சொல்கிறது. தேர்வில் அதைப் பற்றிக் கேள்வியே இல்லை. கேள்வித்தாள் தயாரித்தது நான்.

ஜூலை 16, புதன்
தூறல். இரண்டு குழுவையும் ஒன்றாக உட்காரவைத்தேன். நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்றேன். கவிதா எழுந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
"அக்காங்களுக்கு யாரு மேடம் சொல்றது? எங்களுக்கு முன்னாடி படிச்சிட்டுப் போனவங்களுக்கு?"
நான் பாடம் நடத்திய பன்னிரண்டு வருஷத்துப் பெண்கள். பெங்களூர், துபாய், ஜெர்மனி. ஆளுக்கொரு வார்டு.
ஒருத்தி நம்பர்கூட என்னிடம் இல்லை.